வீட்ல ட்ரம்ஸ் ரெக்கார்ட் பண்ணா சவுண்ட் ஏன் மெலிஞ்சு போகுது, மைக்க எங்க வைக்கணும்

ட்ரம்ஸ் ரெக்கார்டிங் தகரம் தட்டுற மாதிரி வருதுன்னா, புது மைக் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நூலை எடுங்க, ஏன்னா முக்கால்வாசி பிரச்சனை மைக்ல இல்ல, ஸ்னேர்ல (அடியில கம்பி கட்டின, சுர்ருன்னு கேக்குற ட்ரம்) இருந்து ஒவ்வொரு மைக்கும் எவ்ளோ தூரத்துல இருக்குங்கறதுல தான் இருக்கு.

சத்தம் 1 மில்லிசெகண்ட்ல சுமார் 34 செ.மீ. போகும். ரெண்டு ஓவர்ஹெட்ல (ட்ரம்ஸ் மொத்தத்தையும் பிடிக்க மேல வைக்குற மைக்) ஒண்ணு, ஸ்னேர்ல இருந்து இன்னொண்ண விட 34 செ.மீ. கூடுதலா தள்ளி நின்னுச்சுன்னா, அதே அடி அந்த மைக்குக்கு 1 மில்லிசெகண்ட் லேட்டா வந்து சேரும், ரெண்டையும் மிக்ஸ் பண்றப்ப 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒண்ணை ஒண்ணு அடிச்சு காலி பண்ணிடும். அங்க போன சத்தம், அப்புறம் எவ்ளோ ஈக்யூ (சத்தத்துல ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் ஏத்தி இறக்குற கருவி) போட்டாலும் திரும்ப வராது.

கம்மி மைக்ல ஆரம்பிக்கணும்னா ரெக்கார்டிங் இன்ஜினியர் க்ளின் ஜான்ஸோட முறை தான் என் சாய்ஸ். ஒரு ஓவர்ஹெட் ஸ்னேருக்கு நேர் மேல ஒரு மீட்டர் உயரத்துல. இன்னொண்ணு ஃப்ளோர் டாம் (தரையில நிக்குற பெரிய ட்ரம்) பக்கத்துல, அதோட ரிம்முக்கு (விளிம்பு) ஒரு சாண் மேல, ஹை-ஹாட்ட (காலால மூடித் திறக்குற ஜோடித் தாளம்) பாத்து. இப்ப நூலோட ஒரு முனைய ஸ்னேர் நடுவுல ஒருத்தர் அழுத்திப் பிடிக்கட்டும், நீங்க முதல் மைக்கோட முனை வரைக்கும் இழுத்து அங்க ஒரு முடிச்சு போடுங்க, அதே முடிச்சு ரெண்டாவது மைக்குக்கும் தொடுற வரை ஸ்டாண்ட நகர்த்துங்க. அவ்ளோ தான், ஆனா இந்த ஒரு வேலைய சோம்பேறித்தனம் இல்லாம பண்ணுங்க ப்ளீஸ்.

சீலிங் தாழ்வா இருந்தா அதுல பட்டு திரும்புற சத்தமும் மைக்ல ஏறி டொக்குன்னு கேக்கும். மைக்க கொஞ்சம் இறக்குங்க, மேல தடிமனான போர்வை ஒண்ணு கட்டுங்க.

கிக் (காலால அடிக்குற பெரிய ட்ரம்) மைக் உள்ள பீட்டர் (பெடல்ல இருக்குற அடிக்குற குமிழ்) கிட்ட போனா க்ளிக் ஜாஸ்தி, முன் தோல்ல இருக்குற ஓட்டை பக்கம் வந்தா பூம் ஜாஸ்தி. ஓட்டைக்கு நேரா மட்டும் வைக்காதீங்க, காத்து மொத்தமா மைக்ல அடிக்கும். ஸ்னேருக்கு ரிம்முக்கு மேல ரெண்டு விரல் உயரம், மைக்கோட முதுகு ஹை-ஹாட் பக்கம் இருக்கட்டும், ப்ளீட் (ஹை-ஹாட் சத்தம் ஸ்னேர் மைக்ல கலந்துடுறது) நல்லாவே குறையும். ஸ்னேருக்கு அடியிலயும் மைக் வச்சா அதோட போலாரிட்டிய (அலையோட மேல்-கீழ் திசை) திருப்பிடுங்க, மேல் தோல் கீழ போறப்ப கீழ் தோல் அந்த மைக்க நோக்கி வரும்ல.

எல்லாம் வச்சதும் மோனோல (எல்லா மைக்கையும் ஒரே சேனல்ல சேத்து) கேளுங்க. ஓவர்ஹெட்ட ஓடவிட்டு கிக்க சேருங்க, போலாரிட்டி பட்டன ஒரு தடவ அமுக்கிப் பாருங்க, எந்தப் பக்கம் அடி கனமா கேக்குதோ அதுலயே விட்டுடுங்க, ஸ்னேருக்கும் இதே தான். ரெக்கார்டிங் லெவல்ல பீக் (உச்சம்) மைனஸ் 10 டிபி பக்கம் நின்னா போதும், ட்ரம்மர் டேக்ல எப்பவும் செக்ல அடிச்சத விட ஓங்கி தான் அடிப்பாரு.