மூன்று பேர், பழைய ஒலி: சைகடெலிக் ராக் குழுவுக்கான வேலைக்குறிப்பு

கனவில் மிதப்பது போன்ற சைகடெலிக் ராக் வாசிக்கும், டெக்சஸின் ஹூஸ்டன் நகரத்து க்ருவாங்பின் குழுவில் மூன்றே பேர்: கிட்டாருக்கு மார்க் ஸ்பியர், பேஸுக்கு லாரா லீ, டிரம்ஸுக்கு டொனால்ட் ஜான்சன். பெயருக்குத் தாய்லாந்து மொழியில் விமானம் என்று பொருள். 1960, 70களின் தாய்லாந்து ஃபங்க் என்ற தாளம் தூக்கலான இசையில் ஊறியவர்கள். பர்ட்டன் என்ற சிற்றூரில் ஒரு பழைய கொட்டகையில் பதிவு செய்து பேர் வாங்கியவர்கள். பாட்டில் வரிகள் குறைவு என்பதால் மொழி குறுக்கே நிற்பதில்லை. இந்த ஒலிக்கு ஆசைப்படும் புதுக் குழுக்கள் முதலில் பெடல் (கிட்டார் ஒலியை மாற்றும் கால்மிதிப் பெட்டி) கடைக்கு ஓடுகின்றன. அது வீண்செலவு. வேலை டிரம்ஸில் தொடங்க வேண்டும்.

வேகத்தை நிமிடத்துக்கு 90 முதல் 105 தட்டுக்குள் வையுங்கள். நான்கு பார் (தாளச் சுற்று) நீளமுள்ள தாளத்தை மாற்றாமல் ஐந்து நிமிடம் வாசிக்க டிரம்மருக்குப் பொறுமை வேண்டும். நடுநடுவே உருட்டி விளையாடினால் பேஸுக்கு இடமிருக்காது. தேநீர்த் துண்டு ஒன்றை மடித்து ஸ்னேர் என்ற நடு டிரம்மின் தோலில் மூன்றில் ஒரு பங்கை மூடுங்கள். அந்தக் காலத்து மொத்தென்ற சத்தம் வந்துவிடும். முழுத் தோலையும் மூடினால் அட்டைப்பெட்டியைத் தட்டியது போலாகும். காலால் அடிக்கும் கிக் டிரம்முக்குள் தலையணை தோலைத் தொட்டால் போதும், அழுத்தக் கூடாது.

டிரம்ஸுக்கு மூன்று மைக் போதும். 60களின் இறுதியில் இங்கிலாந்து ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளின் ஜான்ஸ் பெயரில் பரவிய முறை இது. ஒரு மைக் கிக்குக்கு. இரண்டாவது ஸ்னேருக்கு நேர் மேலே, ஒரு மீட்டர் உயரத்தில். மூன்றாவது, தரையில் நிற்கும் பெரிய டிரம்மான ஃப்ளோர் டாமின் பக்கத்தில், அதன் விளிம்புக்கு ஒரு சாண் மேலே, ஸ்னேரைத் தாண்டி ஹை-ஹாட் என்ற ஜோடிச் சிம்பலைப் பார்த்தபடி. ஸ்னேரின் நடுவில் நூலின் ஒரு நுனியைப் பிடித்து, மறுநுனியை இரண்டாவது மைக் வரை இழுத்து முடிச்சுப் போடுங்கள். அதே முடிச்சு மூன்றாவது மைக்கையும் தொட வேண்டும். கண்ணளவில் வைத்து 34 செ.மீ. பிசகினால் ஒரு மில்லிசெகண்ட் தாமதம். இரண்டு மைக்கையும் ஒரே அளவில் கலக்கும்போது 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேர் ஏன் சப்பையாக இருக்கிறது என்று மிக்ஸிங்கில் இரண்டு நாள் தேடுவதைவிட நூல் மலிவு.

பேஸ், கிட்டார் இரண்டுக்கும் ஃபிளாட்வவுண்ட் தந்திகள். இவற்றின் மேல் சுற்று தட்டையான நாடா. விரல் உரசும் சத்தம் போய், ஒலியின் மினுமினுப்பும் அடங்கும். கிட்டாருக்கு 11-50 செட் போட்டால் மூன்றாம் தந்தியும் சுற்றுத் தந்தியாகவே வரும். அதை வளைத்து வாசிப்பது கடினம், இழுவை கூடுவதால் கழுத்தும் சற்று வளையும். கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று இறுக்கி, ஒருநாள் விட்டு, 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பி) சுருதி பாருங்கள். பேஸ் வாசிப்பவர் முதல் தட்டைப் பிடித்துவிட்டு இடைவெளி விடட்டும். கிட்டார் அந்த இடைவெளியில் பாடும்.

இனி பெடல். கிட்டாரிலிருந்து ஃபஸ் (கரகரப்பு), வாவா (வாய் திறந்து மூடுவது போன்ற ஒலி), ஃபேஸர் (சுழலும் ஒலி), டிலே (எதிரொலி) என்ற வரிசை. ஃபேஸர் ஒரு சுற்றுக்கு மூன்று நொடி எடுக்கட்டும். அதற்கு மேல் வேகமானால் தண்ணீருக்குள் பாடுவது போலாகும். ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் போட்ட பழைய ஃபஸ்ஸில் இரண்டு தொல்லைகள். முன்னால் பஃபர் (சிக்னல் வலுவிழக்காமல் காக்கும் சுற்று) உள்ள பெடல் இருந்தால், கிட்டாரின் வால்யூமைக் குறைத்து ஒலியைத் தெளிவாக்க முடியாது. இரண்டாவது, பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் போட்ட பலவற்றில் நேர்மின் முனைதான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே சங்கிலி அடாப்டரில் செருகினால் ஷார்ட் ஆகும். தனி 9 வோல்ட் பேட்டரி போட்டுவிடுங்கள். மேடை விளக்குச் சூட்டில் டிரான்சிஸ்டரின் கசிவு கூடி ஒலி விட்டுவிட்டு வரும், நிழலில் வையுங்கள். ஆம்பின் (ஒலிபெருக்கி) ஸ்பிரிங் ரிவெர்ப், அதாவது ஸ்பிரிங்கால் எதிரொலி தரும் வசதி, 3-க்கு மேல் வேண்டாம். மரத்தளம் அதிர்ந்தால் உள்ளே ஸ்பிரிங்கும் அதிர்ந்து உறுமும். அடியில் இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் வைத்தால் அடங்கும்.

வெளிநாடு என்று வந்தால் முதல் எதிரி மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100, ஐரோப்பாவில் 230. 120க்கு மட்டும் செய்த ஆம்பை 230இல் செருகினால் ஃபியூஸ் போகும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் டிரான்ஸ்ஃபார்மரே எரியும். பிளக் கன்வெர்ட்டர் முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. 22 வாட் வால்வ் ஆம்புக்கு வோல்டேஜைக் குறைக்கும் 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தாராளம், ஆனால் கனம்; அங்கேயே ஆம்பை வாடகைக்கு எடுப்பது மேல்.

ஒரே விசாவில் போகக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்கலாம். வாசித்துச் சம்பாதிக்கும் அனுமதி நாட்டுக்கு நாடு வேறு. கருவிகளுக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் எடுத்தால் ஓராண்டு வரை சுங்கவரி கட்டாமல் கொண்டுபோய்த் திரும்பலாம். ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளதை வரிசை எண், எடை, மதிப்போடு எழுத வேண்டும். வெளியேறும் முத்திரை ஒன்று விட்டுப்போனால், பொருளை அங்கேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். விமானம் பிடிக்கும் அவசரத்தில் நடப்பது இதுதான். 2021 முதல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் தனித்தனிச் சுங்க எல்லை என்பதால் லண்டனிலிருந்து பாரிஸ் போனாலும் முத்திரை வேண்டும். மேடையோரம் விற்கும் டி-ஷர்ட், இசைத்தட்டு எதுவும் கார்னெட்டில் அடங்காது. அவற்றைத் தனியாக அறிவித்து வரி கட்டுங்கள், அல்லது போகிற நாட்டிலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள்.