போர்ட்மகீயில் இரண்டு இரவு தங்கினால் படகை முதல் காலைக்கே போடுங்கள்

அயர்லாந்தின் கெர்ரி கடற்கரையில் இருக்கும் போர்ட்மகீ என்ற சின்னத் துறைமுக ஊருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பழைய துறவி மடம் இருக்கும் ஸ்கெலிக் மைக்கேல் என்ற பாறைத் தீவைப் பார்க்கத்தான் போகிறார்கள். விருந்தினர் இல்லத்தில் இரண்டு இரவு போட்டிருந்தால், தீவுப் படகை முதல் இரவு முடிந்து வரும் காலைக்கே பதிவு செய்யுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் நாளுக்குத் தள்ளிவைக்காதீர்கள்.

படகு போகுமா இல்லையா என்பதை அன்றைய கடல்தான் முடிவு செய்யும். மழையைவிட அலையின் உயரம்தான் பிரச்சினை; நல்ல வெயில் அடிக்கிற நாளிலும் பாறைப் படித்துறையில் ஆளை இறக்க முடியாமல் போகும். முதல் காலை ரத்தானால், மறுநாள் காலி இடம் உண்டா என்று படகுக்காரரிடம் கேட்க ஒரு வாய்ப்பு மிஞ்சும். ஒரு படகில் 12 பயணிகள்தான் என்பதால் அந்த இடமும் உறுதியில்லை, ஆனாலும் ஒருவர் வராமல் போனால் ஊரிலேயே இருப்பவருக்குத்தானே கிடைக்கும்? விருந்தினர் இல்லம் நடத்துபவரிடம் முந்தின இரவே சொல்லிவையுங்கள். படகுக்காரர்களை அவர்களுக்குப் பழக்கம் இருக்கும். அப்புறம், காலை உணவையும் கொஞ்சம் முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம்.

தீவில் இறங்காமல் சுற்றிப் பார்த்துவிட்டு வரும் படகு போதும் என்பவர்களுக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை தீவில் இறங்கவே முடியாது. கைப்பிடி இல்லாத 600-க்கும் மேற்பட்ட கற்படிகள் ஏற முடியாதவர்களுக்கும் சுற்றுப் படகே சரி.