சேலத்திலிருந்து மலையகத்துக்கு: பங்கு இளைஞர்கள் மறைப்பணிப் பயணம் போவது எப்படி

அக்டோபரில் மறைபரப்பு ஞாயிறு முடிந்ததும் நம் பங்குகளில் இளைஞர்களுக்கு ஒரு வேகம் வரும், நாமும் வெளிநாடு போய் ஏதாவது செய்யணும் என்று. நல்ல வேகம்தான், அதை அணைத்துவிடாதீர்கள். ஆனால் எங்கே போவது, யார் கூப்பிட்டார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும் முன்னால் டிக்கெட் விலை பார்க்க உட்காராதீர்கள். எங்கள் குழு இரண்டு முறை இலங்கை மலையகத்துக்கு, அதாவது அங்குள்ள தேயிலைத் தோட்ட மலைப்பகுதிக்கு, போய் வந்திருக்கிறது, அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

ஏன் மலையகம்? அங்கே பேசுவது தமிழ், அதுதான் முதல் காரணம். பத்து நாள் பயணத்தில் பாதி நாள் மொழிபெயர்ப்புக்கே போய்விட்டால் மீதி நாளில் யாருடைய மனதையும் தொட முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. 1820களில் தொடங்கி சேலம், திருச்சி, மதுரைப் பக்கமிருந்தெல்லாம் காப்பித் தோட்ட வேலைக்கு நடந்தும் கப்பலேறியும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே இருக்கிறார்கள். இலை நோய் வந்து காப்பி அழிந்து, அந்த மண்ணில் தேயிலை வந்தது. ஏற்காட்டில் காப்பிச் செடி நடுவே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. இலங்கையின் 1948 சட்டத்தில் அவர்கள் குடியுரிமை போனது, 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தலையை எண்ணிப் பிரித்தது, இதெல்லாம் குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் போய் "நீங்க ஏன் ஊருக்கே திரும்பி வரக்கூடாது?" என்று ஒரு தம்பி கேட்டுவிட்டான், அந்தப் பாட்டியின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அழைப்புக் கடிதம் முதல் வேலை. பங்குத்தந்தை வழியாக நம் ஆயரிடம் போங்கள், அங்கிருந்து கண்டி மறைமாவட்டத்துக்குக் கடிதம் போகட்டும் (ஹட்டன், நுவரெலியா எல்லாம் கண்டி மறைமாவட்டத்தில்தான் வருகிறது). குறைந்தது ஒன்பது மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். உங்களோடு வரும் சாமியார் நம் ஆயர் கையெழுத்திட்ட செலிப்ரெட் (இவர் திருப்பலி வைக்கலாம் என்ற சான்றுக் கடிதம்) கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் தெரியாத ஊரில் திருப்பலி வைக்கக் கேட்பது அங்குள்ள பங்குத்தந்தைக்குச் சங்கடம். என்ன வகை விசா என்பதையும் அழைக்கிறவர்களிடமே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுற்றுலா விசா எடுத்துக்கொண்டு வேறு வேலை செய்தால் மாட்டிக்கொள்வது நம்மை அழைத்தவர்கள்.

பாஸ்போர்ட்டில்தான் நம் ஆட்கள் அதிகம் சிக்குகிறார்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, அப்பா பெயரை முழுதாக விரித்து எழுத வேண்டும். திருமுழுக்குச் சான்றிதழில் 'அந்தோணி சகாயராஜ்', பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'சகாயராஜ்', ஆதாரில் எழுத்துப்பிழையோடு இன்னொன்று என்று இருந்தால் முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குச் சாதாரண முறையில் 1,500 ரூபாய். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் காலாவதி தேதியைப் பாருங்கள், பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து. சேலத்திலிருந்து சென்னைக்கு அலைவதைவிட நாமக்கல் வழியாகத் திருச்சி போனால் அங்கிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்புகூட இல்லை.

பணம். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் தட்டுவடை செட் கடை போடுங்கள், ஏற்காடு காப்பித்தூளும் மிளகும் பொட்டலம் போட்டு விற்றுப் பாருங்கள், நன்றாகப் போகும். ரசீதுப் புத்தகம் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பங்கின் அறக்கட்டளைப் பணத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால் வருமான வரி விலக்கில் சிக்கல் வரும், ஆடிட்டரிடம் கேட்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

இனி முக்கியமானது, பயிற்சி. வெளிநாட்டுக்கு முன்னால் மலையேறுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பு நடக்கும். எஸ்டேட் குடியிருப்புப் பக்கம் வாரக் கடைசியில் போய்த் தங்கி, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக்கொடுத்து, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு உட்காருங்கள். நான்கு வாரம் இதைச் செய்யாத யாரையும் நாங்கள் கூட்டிப்போவதில்லை. சிலர் வருத்தப்பட்டார்கள், ஆனாலும் அந்த முடிவை மாற்றவில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே யாரும் வேண்டாம். அங்கே சிறு பிள்ளைகளோடு தனியாக ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது, எப்போதும் இரண்டு பேர். பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது அறவே கூடாது.

அங்கே என்ன செய்வது? அவர்கள் கேட்டதை. முதல் தடவை நாங்கள் இரண்டு மூட்டை பழைய துணி சுமந்து போனோம், அங்கிருந்த சிஸ்டர் மென்மையாகத்தான் சொன்னார், "இதைப் பிரிச்சுக் குடுக்கவே எங்களுக்கு ரெண்டு நாள் போயிரும் தம்பி" என்று. அவர்கள் கேட்டது சாதாரண தரத் தேர்வு (O/L, நம்மூர்ப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) எழுதும் பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும். நம் இன்ஜினியர் பிள்ளைகளுக்குப் பாடம் தெரியும், தமிழில் சொல்லத்தான் திணறினார்கள். அங்கே இயற்பியல் பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல். இலங்கை அரசின் தமிழ்வழிப் பாடநூல்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன, இறக்கி மூன்று மாதம் முன்பே படிக்கத் தொடங்குங்கள்.

பகலில் லயன்களுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய்க் கூட்டம் கூட்டாதீர்கள். கொழுந்து எடுக்கும் நேரம் அவர்களுக்குக் கூலி, அரை நாள் வேலை போனால் 'அரைப் பேர்'தான் விழும், அதாவது பாதி நாள் கூலிதான். மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அக்கா ஒருவர் தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்களோடு எங்களுக்குப் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) ஊற்றி, சீனியை ஆளுக்கொரு கரண்டி உள்ளங்கையில் வைத்தார். அதை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் பேசியதுதான் பயணத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அங்கே பெரும்பாலானவர்கள் இந்துக்கள். ஆடியில் நம் கோட்டை மாரியம்மனுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயில் புதிதல்ல, செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நில்லுங்கள். மதம் மாற்றும் பேச்சு வேண்டவே வேண்டாம். மறைப்பணி என்றால் என்ன என்று கேட்கும் தம்பிகளுக்குப் புனித யோசேப்பு வாஸைச் சொல்லுங்கள். கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேடத்தில் இலங்கையில் இறங்கி, தமிழும் சிங்களமும் கற்று, 1711இல் கண்டியிலேயே இறந்தவர். 2015 ஜனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

மே முதல் செப்டம்பர் வரை ஹட்டன் பக்கம் மழை கொட்டும், அட்டையும் சேர்ந்து வரும், ஏற்காட்டுக்காரர்களுக்கு அது பழக்கம். உப்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போய் வாருங்கள்.

திரும்பி வந்த இரண்டாவது ஞாயிறுக்குள் வரவு செலவுக் கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். அப்புறம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வீடியோ காலில் கணக்கு வகுப்பு, இரண்டு பேர் மாறி மாறி எடுக்கட்டும், அந்தப் பிள்ளைகள் தேர்வு எழுதி முடிக்கும் வரை.