பல ஃபைல்களில் ஒரே சொல்லை மாற்ற: கிரெப், செட்

பல ஃபைல்களில் 10.0.1.5 என்று ஒரு சர்வர் முகவரி கிடக்கிறது, அதை 10.0.1.25 ஆக்க வேண்டும். மாற்றுவது செட் (எஸ்-இ-டி) கட்டளையின் வேலைதான், ஆனால் முதலில், தேடும் கட்டளையான கிரெப்பை ஓட்டிப் பாருங்கள். (கட்டளைகளில் ஒலிபெயர்த்திருப்பவற்றை டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும். இங்குள்ளவை லினக்ஸுக்கு.)

கிரெப் -ஆர் -என் '\<10\.0\.1\.5\>' .

-ஆர் உள் ஃபோல்டர்களிலும் தேடும். -என் வரி எண்ணைக் காட்டும். புள்ளிக்கு முன்னால் உள்ள \ முக்கியம். வெறும் புள்ளி என்றால் 'ஏதோ ஓர் எழுத்து' என்று அர்த்தம். 10204195 என்ற ரசீது எண்கூட மாட்டிக்கொள்ளும். \< \> இரண்டும் சொல்லின் எல்லைகள். அவற்றை விட்டால் 10.0.1.50 என்ற வேறு முகவரி 10.0.1.250 ஆகிவிடும். எர்ரர் எதுவும் வராது, அதுதான் ஆபத்து.

அடுத்தது ஒத்திகை:

செட் -என் 'எஸ்/\<10\.0\.1\.5\>/10.0.1.25/ஜிபி' ஃபைல்பெயர்

செட்டில் -என் எல்லா வரிகளையும் அடக்கும், கடைசியில் உள்ள பி (பிரிண்ட்) மாறியவற்றைக் காட்டும். அதனால் மாறப்போகும் வரிகள் மட்டும் திரையில் வரும். ஃபைல் அப்படியே இருக்கும். ஜி இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் முதலாவது மட்டுமே மாறும்.

சரியாக இருந்தால் -என், கடைசி பி இரண்டையும் எடுத்துவிட்டு -ஐ.பேக் (பி-ஏ-கே) சேர்த்துக்கொள்ளுங்கள். -ஐ ஃபைலையே மாற்றும்; பழைய பிரதி, பெயரின் கடைசியில் .பேக் சேர்ந்து தனியாக இருக்கும். பி மட்டும் தங்கினால் மாறிய வரிகள் இரட்டிக்கும். -என் மட்டும் தங்கினால் ஃபைலே காலி. எல்லா ஃபைல்களுக்கும் சேர்த்து:

கிரெப் -ஆர் -எல் --நல் --எக்ஸ்க்ளூட்-டிர்=.கிட் '\<10\.0\.1\.5\>' . | எக்ஸ்ஆர்க்ஸ் -0 செட் -ஐ.பேக் 'எஸ்/\<10\.0\.1\.5\>/10.0.1.25/ஜி'

-எல் ஃபைல் பெயர்களை மட்டும் தரும்; எக்ஸ்ஆர்க்ஸ் அவற்றை செட்டிடம் கொடுக்கும். --நல், -0 ஜோடி இருந்தால்தான் இடைவெளியுள்ள ஃபைல் பெயர்கள் துண்டாகாது. .கிட் என்பது கிட் மென்பொருள் ஃபைல்களின் மாற்ற வரலாற்றை வைக்கும் ஃபோல்டர். அதை விலக்காமல் செட்டை ஓட்டினால் அந்த வரலாறு உள்ள ரெப்போவே கெட்டுப்போகலாம்.

செட்டின் வெளியீட்டை > போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பாதீர்கள். செட் படிக்கத் தொடங்கும் முன்பே ஷெல் (நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) அந்த ஃபைலைக் காலி செய்துவிடும்.

மாற்றுவது ஃபோல்டர் பாதை என்றால் / குறிக்குப் பதில் # பிரிப்பானாக இருக்கட்டும்: 'எஸ்#/பழைய/பாதை#/புதிய/பாதை#ஜி'. புதிய சொல்லில் & இருந்தால் \& என்று எழுதுங்கள்; வெறும் & போட்டால் அந்த இடத்தில் பழைய சொல்லே வந்து உட்காரும்.

.பேக் ஃபைல்களை டிஃப் கட்டளையால் புதியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து முடித்ததும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கிரெப் அவற்றையும் சேர்த்தே காட்டும்.