மிருகம் வருமுன் வீட்டில் ஒரு சண்டை இருக்கட்டும்

ராட்சத மிருகப் படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மிருகத்தின் உயரம், வால், அது இடித்துத் தள்ளப்போகும் பாலம் ஆகியவற்றைத்தான் முதலில் குறித்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளைச் சில நாட்களுக்கு ஓரமாக வைத்துவிட்டு, மிருகமே வராத ஒரு சாதாரண நாளில் உங்கள் பாத்திரங்களுக்கிடையே தீராமல் கிடக்கும் விவகாரம் எது என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுத ஒன்றும் அகப்படவில்லை என்றால், மிருகம் வந்த பிறகும் அவர்கள் அண்ணாந்து பார்ப்பதையும் ஓடுவதையும் தவிர வேறெதுவும் செய்யப்போவதில்லை.

விவகாரம் கிடைத்ததும் அடுத்த வேலை, மிருகத்தின் வருகை அதன்மீதே போய் விழும்படி கதையை அமைப்பது. இதற்கு இஷிரோ ஹோண்டா இயக்கி 1954இல் வெளிவந்த முதல் காட்ஸில்லா படத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதில் எமிகோ, போரில் ஒரு கண்ணை இழந்த விஞ்ஞானி செரிசாவாவுக்கு என்று பேசிவைக்கப்பட்டவள். ஆனால் அவள் விரும்புவது ஒகாட்டாவை. ஒரு மாலையில் ஒகாட்டா பெண் கேட்பதற்காக அவள் வீட்டுக்கு வருகிறான். எமிகோவின் தந்தை யமானே தொல்லுயிர் ஆய்வாளர். ஹைட்ரஜன் குண்டின் கதிர்வீச்சையே தாங்கிய உயிரைக் கொல்லக் கூடாது, ஆராய வேண்டும் என்பது அவர் கட்சி. கொன்றே ஆக வேண்டும் என்று ஒகாட்டா வாதிட, அவர் கோபத்தில் அவனை வீட்டைவிட்டுப் போகச் சொல்லிவிடுகிறார். கல்யாணப் பேச்சு தொடங்கவே இல்லை. திரையில் மிருகம் தலைகாட்டாத இந்தக் காட்சியில்தான் அது ஒரு குடும்பத்துக்குள் நுழைகிறது என்பதைக் கவனியுங்கள். நாட்டுக்கே உரிய ஒரு விவாதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் இரண்டு பேரின் மனத்தாங்கலாக மாற்றியதால், விளக்கவுரை என்ற நினைப்பே பார்ப்பவருக்கு வருவதில்லை.

மிருகத்தைக் கொல்லப்போகும் ஆயுதம் பற்றிய தகவலையும் இப்படியே உறவின் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். செரிசாவா தன் கண்டுபிடிப்பை எமிகோவிடம் மட்டும் காட்டி, யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார். அப்போது நாம் பார்ப்பது அவளுடைய அலறலை மட்டுமே. டோக்கியோ எரிந்து, காயம்பட்டவர்கள் நடுவே நின்று மனம் பொறுக்காமல் அவள் வாக்கை மீறும்போதுதான், தொட்டியில் மீன்கள் எலும்புக்கூடாகும் காட்சி நமக்குக் காட்டப்படுகிறது. ஆகவே நம் மனத்தில் நிற்பது ஆயுதத்தின் வேதியியல் அன்று, அவள் முறித்த வாக்கு. முடிவில், தன் கண்டுபிடிப்பு அரசியல்வாதிகளின் கையில் சிக்கும் என்று அஞ்சும் செரிசாவா குறிப்புகளை எரித்துவிட்டு, மிருகத்தின்மேல் அதைப் பயன்படுத்த ஒகாட்டாவுடன் கடலடிக்கு இறங்குகிறார்; அங்கே அவனை மேலே அனுப்பி, நீயும் எமிகோவும் நன்றாக இருங்கள் என்று வாழ்த்தி, தன் கயிற்றைத் தானே அறுத்துக்கொள்கிறார். அந்த ஆளைத் தவிர வேறு யாராலும் எடுக்க முடியாத முடிவு அது. உங்கள் கதையின் கடைசி முடிவை ஒரு ராணுவத் தளபதியிடம் கொடுத்தாலும் கதை நகரும் என்றால், நாயகனை நீங்கள் இன்னும் எழுதவில்லை என்று பொருள்.

உறவு என்றால் காதல்தான் என்று எண்ண வேண்டாம். ஒட்டவைத்த காதல் ஜோடிகளால் கெட்ட மிருகப் படங்கள் நிறைய. பொங் ஜூன்-ஹோ இயக்கிய 2006ஆம் ஆண்டுக் கொரியப் படமான 'தி ஹோஸ்ட்', ஆற்றங்கரையில் சிற்றுண்டிக் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. தந்தை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். இடறி விழுந்து எழும்போது பதற்றத்தில் வேறொரு சிறுமியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு ஓடுகிறான். திரும்பிப் பார்ப்பதற்குள் மகள் மிருகத்தின் வாலில் அகப்பட்டுவிடுகிறாள். பின்னொரு இரவில், அவளைத் தேடிக் களைத்த குடும்பம் அதே கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, காணாமல்போன சிறுமி திடீரென அவர்கள் நடுவே எழுந்து அமர, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுகிறார்கள். ஒருவரும் வியப்படைவதில்லை, ஒருவரும் பேசுவதில்லை. அது அவர்களுடைய ஏக்கம் மட்டுமே என்பது நமக்குப் புரிகிறது. இப்படி ஒரு சாப்பாட்டுக் காட்சியை உங்கள் கதையிலும் தேடுங்கள். கிராஃபிக்ஸ் செலவு அதற்கு மிகக் குறைவு.

அதிகாரிகளின் கூட்டங்கள், வரைபடங்கள், செய்தி வாசிப்பாளர்கள் ஆகியவற்றைக் கூடியவரை சுருக்கிவிடலாம்.

எழுதி முடித்த பின் ஒவ்வொரு அழிவுக் காட்சியின் ஓரத்திலும், இதை யார் கண்ணால் பார்க்கிறோம் என்று பென்சிலால் குறித்து வாருங்கள். குறிக்க ஆள் இல்லாத காட்சியை வெட்டிவிடுங்கள், அல்லது அங்கே ஒருவரைக் கொண்டுவாருங்கள். முக்கியப் பாத்திரமாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஹோண்டாவின் படத்தில், எரியும் தெருவில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு குந்தியிருக்கும் ஒரு தாய், இன்னும் சற்று நேரத்தில் அப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்கிறாள். அவளுக்குப் பெயரும் இல்லை, வேறு காட்சியும் இல்லை.