லப்-டப்: ஸ்டெதஸ்கோப்பில் கேட்பது எதன் சத்தம்?

இதயம் சுருங்குவதால்தான் லப்-டப் என்று கேட்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தசை சுருங்குவதில் காதுக்கு எட்டும் அளவுக்குச் சத்தம் இல்லை. நாம் கேட்பது வால்வுகள் மூடும்போது எழும் அதிர்வு. கையில் ஒரு ஸ்டெதஸ்கோப் இருந்தால் நீங்களே கேட்டுப் பார்க்கலாம்.

1. மாட்டுவது

காதில் செருகும் முனைகள் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பாதிச் சத்தம் காணாமல் போகும். மார்பில் வைக்கும் முனையில் இரண்டு பக்கம் இருந்தால் சவ்வு உள்ள தட்டையான பக்கத்தை எடுங்கள் (டயாஃப்ரம் என்பது இதுதான்), விரலால் லேசாகத் தட்டினால் அந்தப் பக்கம் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். சட்டைக்கு மேல் மட்டும் வைக்காதீர்கள், துணி உரசுவதுதான் கேட்கும்.

2. வைக்கும் இடம்

தொண்டைக் குழியிலிருந்து மார்பெலும்பின் மேல் விரலை மெதுவாக இறக்குங்கள். குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும், அதை ஒட்டிப் பக்கவாட்டில் போவது இரண்டாவது விலா எலும்பு. அங்கிருந்து இடப்பக்கம் எண்ணிக்கொண்டே இறங்கி, ஐந்தாவது விலா எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவில், காறை எலும்பின் (கழுத்துக்குக் கீழே தோள் வரை குறுக்கே போகும் எலும்பு) மையத்துக்கு நேர் கீழே வையுங்கள். லப் நன்றாகக் கேட்கும் இடம் இது.

3. எது லப், எது டப்?

பொதுவாக லப்புக்கும் டப்புக்கும் இடைவெளி குறைவு, அடுத்த லப் வருவதற்குள் கொஞ்சம் அதிகம். ஆனால் துடிப்பு வேகமானால் இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல ஆகிவிடும், அப்போது இந்தக் கணக்கு உதவாது. அதனால் கழுத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நாடியை மெல்லத் தொட்டுக்கொண்டே கேளுங்கள் (இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தவே கூடாது). நாடி விரலில் முட்டும்போது கேட்பது லப். மணிக்கட்டு நாடி சற்றுத் தாமதமாக வரும், அதை நம்ப வேண்டாம்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கீழறைகள் சுருங்கத் தொடங்கியதும் ரத்தம் மேலறைகளுக்குத் திரும்பப் பார்க்கிறது. உடனே நடுவிலிருக்கும் மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகள் மூடிக்கொள்கின்றன, அது லப். ரத்தம் வெளியேறிக் கீழறைகள் தளர்ந்ததும் பெருந்தமனியிலும் நுரையீரல் தமனியிலும் உள்ள ரத்தம் பின்வாங்கப் பார்க்கும். அப்போது அந்தத் தமனிகளின் வாயிலில் உள்ள இரண்டு வால்வுகளும் மூடுவது டப். வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று மோதுவது மட்டுமே காரணம் இல்லை. வேகமாகத் தண்ணீர் வரும் குழாயைச் சட்டென்று அடைத்தால் பைப் முழுக்க 'டொக்' என்று அதிருமே, அதே மாதிரி ஓட்டம் திடீரென்று நிற்கும்போது ரத்தம், வால்வு, இதயச் சுவர் எல்லாமே சேர்ந்து அதிர்கின்றன. ஆரோக்கியமான வால்வு திறக்கும்போது சத்தமே வராது.

4. டப்பை இரண்டாகப் பிரிப்பது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஸ்டெதஸ்கோப்பை மேலே, மார்பெலும்புக்கு இடப்புறம் இரண்டாவது விலா இடைவெளிக்கு நகர்த்துங்கள். மூச்சைப் பிடித்து வைக்காமல் மெதுவாக இழுத்து விடச் சொல்லுங்கள். உள்ளே இழுக்கும்போது டப் என்பது 'ட-டப்' என்று இரட்டித்துக் கேட்கலாம். மூச்சை இழுக்கையில் இதயத்தின் வலது பக்கத்துக்கு அதிக ரத்தம் வந்து சேர்கிறது, அதை வெளியே தள்ளக் கூடுதல் நேரம் பிடிப்பதால் நுரையீரல் தமனி வால்வு கொஞ்சம் பிந்தி மூடுகிறது. இளம் வயதினரிடம் எளிதாகக் கேட்கும். ஒன்றாகவே கேட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை.

5. கூடுதல் சத்தங்கள்

டப்புக்குப் பிறகு மங்கலாக மூன்றாவது ஒலி ஒன்று வரலாம், கீழறை வேகமாக நிரம்பும்போது எழுவது. குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் இது இயல்பு, வயதானவர்களிடம் இதயச் செயலிழப்பின் அடையாளமாக இருக்கலாம். தாழ்ந்த ஒலி என்பதால் கிண்ணம் போன்ற மறுபக்கத்தை அழுத்தாமல் வைத்துக் கேட்க வேண்டும். இவை தவிர லப்புக்கும் டப்புக்கும் நடுவிலோ, டப்புக்குப் பிறகோ 'உஷ்ஷ்' என்று இழுத்தால் அது முர்மர். குறுகிய வால்வு வழியாகவோ கசியும் வால்வு வழியாகவோ ரத்தம் சுழித்து ஓடுவதால் வரலாம். கெடுதல் இல்லாத முர்மரும் உண்டு, எது எப்படி என்பதை மருத்துவர் பரிசோதித்து, தேவைப்பட்டால் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எடுத்துப் பார்த்துச் சொல்வார்.