ஹைடு என்றால் ஒளிவதா, தோலா? அகராதியில் ஒரு சொல்லின் பூர்வீகம் தேடும் வழி

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனியில் புதிதாக பில் போட உட்கார்ந்தவர்களுக்கு வருகிற சந்தேகம் இது. சரக்குச் சீட்டில் 'வெட் புளூ ஹைட்ஸ்' என்றிருக்கும், போனில் தேடினால் ஹைடு (hide) என்றால் ஒளிந்துகொள் என்று வரும். மொழிபெயர்ப்புச் செயலியை மூடிவிட்டு ஆங்கில விக்சனரி என்ற இணைய அகராதியைத் திறங்கள், இலவசம்தான்.

முதலில் 'எட்டிமாலஜி 1, 2' (சொல்லின் பூர்வீகம்) என்று தனித்தனித் தலைப்பு இருக்கிறதா பாருங்கள் (அச்சு அகராதி என்றால் சொல்லின் தலைமேல் பொடி எண் இருக்கும்). எண் மாறினால் சொல்லே வேறு, எழுத்து மட்டும்தான் ஒன்று.

அப்புறம் பெயரா, வினையா என்று பாருங்கள். ஒளிவது வினை: ஹைடு, ஹிட், ஹிடன். பில்லில் இருப்பது பன்மை, அதனால் பெயர்ச்சொல். ஆனால் பறவை பார்ப்பவர்கள் மறைந்து உட்காரும் குடிலையும் பிரிட்டனில் ஹைடு என்பார்கள், ஆகவே இதோடு நிறுத்த முடியாது.

இனி பூர்வீக வரி. எனக்குப் பிடித்த இடமே இதுதான், பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். தோல் என்ற ஹைடு பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் ஹௌட், லத்தீனில் கூட்டிஸ் எல்லாம் அதன் பங்காளிகள். நகக்கண் ஓரத்துத் தோலுக்குச் சொல்கிற க்யூட்டிகிளும் அந்த லத்தீன் வழி வந்ததுதான். 'ஹைடிங்' கொடுப்பது என்றால் செம அடி, நம் வீட்டில் 'தோலை உரிச்சிடுவேன்' என்பார்களே, அந்த ரகம். ஒளிவது வேறு சொல், ஆனாலும் இரண்டுக்கும் 'மூடு' என்ற ஒரே ஆதி வேர் இருக்கலாம் என்கிறார்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு: ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம், பொதுவாக 120 ஏக்கர் என்று வைத்த கணக்கு. இங்கிலாந்தில் 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கில் வரி போட்டது இந்த ஹைடை வைத்துத்தான்.

கடைசியாக, கிடைத்த பொருளைச் சீட்டில் பொருத்திப் பாருங்கள். குரோம் உப்பில் பதனிட்டு நீலம் பாய்ந்த, ஈரம் காயாத தோல், அதுதான் வெட் புளூ. மாடு, எருமை என்றால் ஹைடு, ஆட்டுத்தோல் ஸ்கின். இதை மாற்றி அடித்தால் பில் திரும்பி வரும்.

சரி, இதே முறையில் தோலைப் பதனிடுவதற்குச் சொல்கிற 'டேன்' (tan) என்ற சொல்லைத் தேடுங்கள். நம் பக்கம் ஆவாரம்பட்டை போட்டதுபோல அங்கே ஓக் மரப்பட்டை போட்டார்கள், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனால் நிறத்தின் பெயரும் அகப்படும்.